ஊர்ப் பணத்துக்கு யார் காவல்? இந்தோனேசியக் கிராமங்களின் மஷூரா வரலாறு

இந்தோனேசிய நாடாளுமன்றத்தின் பெயர் 'தேவான் பெர்வகிலான் ரக்யாத்'. கேட்டவுடன் அயல்மொழியாகத் தோன்றும் இப்பெயரைச் சற்றே பிரித்துப் பார்த்தால், நம் பாட்டனார் காலத்து நிலப் பத்திரங்களில் புழங்கிய சொற்களே உள்ளே இருப்பது தெரியும். தேவான் என்பது திவான். பெர்வகிலான் என்பதன் நடுவே நிற்பது வக்கீல். ரக்யாத் என்பது ரயத்து. அரபும் பாரசீகமும் தந்து, நம் வருவாய்த்துறைத் தமிழில் ஒட்டிக்கொண்ட அதே சொற்கள் கடலின் மறுகரையில் மக்களாட்சியின் பெயர்ப்பலகையாக நிற்கின்றன. நம் ஜமாஅத்துகளில் நாம் 'மஷூரா' என்று சொல்லும் கலந்தாலோசனைக்கு அங்கே 'முஷாவரா' என்று பெயர். கூடிப் பேசி எட்டும் ஒத்த முடிவை 'முஃபாகத்' என்பார்கள். அதுவும் அரபு வேர்கொண்ட சொல்லே.

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்துக்கு 'அஷ்ஷூரா' என்றே பெயர் என்பதை நாம் அறிவோம். பொதுக் காரியங்களைத் தமக்குள் ஆலோசித்து நடத்துவதை நம்பிக்கையாளரின் பண்பாகச் சொல்லும் அத்தியாயம் அது. தொழுகையும் தர்மமும் பேசப்படும் அதே இடத்தில் ஆலோசனையும் பேசப்படுகிறது. ஆயினும், ஊராரைக் கூட்டி ஆலோசித்தால் மட்டும் ஊர்ப் பணம் பாதுகாப்பாக இருந்துவிடுமா? இந்தக் கேள்வியை உலகில் வேறெவரையும்விட விரிவாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இந்தோனேசியக் கிராமத்து மக்கள். 1998 முதல் அவர்கள் நடந்துவந்த வழியை இங்கே எழுத முனைகிறோம்.

அதற்கு முன், சமூக நிதியம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அரசு தன் பணத்தையோ கடனாகப் பெற்ற பணத்தையோ துறை, ஒப்பந்தக்காரர், பொறியாளர் என்ற வழக்கமான படிக்கட்டுகளில் இறக்காமல், ஊர் கேட்கும் பணிக்கென்று தனி நிதியமாக வைத்து நேராகத் தருவதே அது. பாலமா, குடிநீரா, பள்ளிக்கூடமா என்பதை ஊர் சொல்லும். நிதியம் பணம் தரும். இதன் வளர்ந்த வடிவத்தில் பணத்தைச் செலவிடுவதும் கணக்கு வைப்பதும்கூட ஊரார் பொறுப்பே.

பெயர் புதியதேயன்றிக் கருத்து புதியதன்று. உதுமானியப் பேரரசின் மஹல்லாக்களில் 'அவாரிஸ் வக்ஃபு' என்றொரு ஏற்பாடு இருந்தது. போர்க்காலங்களில் அரசு மஹல்லாவின் மேல் மொத்தமாக விதிக்கும் 'அவாரிஸ்' வரியில், ஏழை வீடுகளின் பங்கைக் கட்டுவதற்காக வசதி படைத்தோர் வக்ஃபு செய்துவைத்த பொதுநிதி அது. நாளடைவில் நோயுற்றவருக்கு உதவவும் மஹல்லாவின் சிறு பழுதுகளைப் பார்க்கவும் அதே நிதி பயன்பட்டது. அத்தகைய நிதிகள் பல ரொக்கமாக இருந்து, கடனுக்கு விடப்பட்டு வருவாய் ஈட்டியதால், ரொக்க வக்ஃபு ஆகுமா என்று 16ஆம் நூற்றாண்டில் உலமாக்களிடையே பெரும் வாதம் நடந்தது. அது வேறு கதை. நமக்கு வேண்டியது ஒன்றே: நிதியை நிர்வகித்தவர் மஹல்லாவைச் சேர்ந்த முத்தவல்லி, அவர் கணக்கைப் பார்க்கும் அதிகாரமோ காழியிடம் இருந்தது. உள்ளூர்க் கை, வெளியூர்க் கண். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இக்காலச் சமூக நிதியம் பிறந்த இடம் தென்னமெரிக்காவின் பொலிவியா. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. அரசுச் சுரங்கக் கழகம் 20,000க்கு மேற்பட்ட தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. கட்டுக்கடங்காத விலையேற்றத்தை அடக்க அரசு எடுத்த கடும் நடவடிக்கைகளின் அடியும் ஏழைகளின் மேலேயே விழுந்தது. அந்தக் கொந்தளிப்பைத் தணிக்க 1986இன் இறுதியில் அவசரச் சமூக நிதியம் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று தொடங்கியதை உலக வங்கி பிற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. எகிப்து 1991இலும், யமன் 1997இலும் தத்தம் நிதியங்களை நிறுவின. யமனின் நிதியம், 2015இல் போர் மூண்டு அரசுத் துறைகள் பல முடங்கிய பின்னும், ஊர்மக்களுக்குக் கூலிவேலை தந்து சாலையும் நீர்த்தொட்டியும் அமைத்துக்கொண்டிருந்தது என்பது தனியே எழுதத் தக்க செய்தி.

இனி இந்தோனேசியாவுக்கு வருவோம்.

1945இல் வகுக்கப்பட்ட பஞ்சசீலக் கொள்கையின் நான்காம் கூறிலேயே முஷாவரா என்ற சொல் இடம்பெற்றுவிட்டது. சொல் இருந்தது, பொருள்தான் காலப்போக்கில் உலர்ந்தது. சுஹார்த்தோவின் ஆட்சியில் 1979ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கிராமச் சட்டம், ஆயிரக்கணக்கான தீவுகளில் வெவ்வேறு மரபுகளோடு வாழ்ந்த ஊர்களை எல்லாம் ஜாவா கிராமத்தின் ஒரே அச்சில் வார்த்தது. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் 'நகரி' என்ற பழைய ஊரமைப்பில் வாழ்ந்தவர்கள். பள்ளிவாசலும் சந்தையும் மூத்தோர் மன்றமும் சேர்ந்தே ஒரு நகரி. அந்த நகரிகள் பல துண்டுகளாக உடைக்கப்பட்டன.

அந்தச் சட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கலந்தாலோசனை மன்றம் உண்டு. அதன் தலைவர் யார்? கிராமத் தலைவரேதான். கணக்குச் சொல்ல வேண்டியவரும், கணக்குக் கேட்கும் அவைக்குத் தலைமை தாங்குபவரும் ஒருவரே. அவர் மேலே உள்ள அதிகாரியைப் பார்ப்பார். அதிகாரி மாவட்டத்தைப் பார்ப்பார். மாவட்டம் ஜகார்த்தாவைப் பார்க்கும். கீழ்நோக்கிப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. 'கோத்தோங் ரோயோங்' என்று ஜாவா மக்கள் பெருமையோடு சொல்லும் கூட்டு உழைப்பும், அரசு கட்டளையிட்டதும் கூலியின்றி வந்து மண் சுமக்கும் கடமையாகச் சுருங்கியது.

ஏழைகளுக்கென்று அந்த ஆட்சி ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுவது நீதியாகாது. பள்ளிகளும் நலவாழ்வு நிலையங்களும் பெருகிய காலம் அது. பின்தங்கிய கிராமங்களுக்கான திட்டம் ஒன்று 1994இல் தொடங்கி, ஏறத்தாழ 20,000 கிராமங்களுக்கு ஆண்டுக்கு 2 கோடி ரூபியா வீதம் மூன்றாண்டுகள் தந்தது. ஆனால் கிராமத்தில் எவர் கைக்கு அது போனது என்பதைக் கேட்கும் வழி ஊரார்க்கு இல்லை. அதே காலத்தில் ஜாம்பி, நடு ஜாவா, கிழக்கு நுசா தெங்காரா ஆகிய மூன்று மாநிலங்களில் 48 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஜனாஸா காரியங்களுக்கும் சேமிப்புக்கும் நீர்ப் பங்கீட்டுக்கும் மக்கள் தாமே ஏற்படுத்திக்கொண்ட சங்கங்கள் செம்மையாக நடப்பதையும், அரசு ஏற்படுத்திய மன்றங்கள் பெயரளவில் இருப்பதையும் அது கண்டது. ஊரார்க்கு நிர்வாகம் தெரியாது என்ற பழைய சாக்கு அங்கே உடைந்தது.

1997இன் நடுவில் ஆசிய நிதி நெருக்கடி வெடித்தது. ஒரு டாலருக்கு 2,400 ரூபியா அளவில் இருந்த மதிப்பு, 1998 ஜனவரியில் 10,000ஐத் தாண்டிச் சரிந்தது. அரிசியும் சமையல் எண்ணெயும் எட்டாப் பொருளாயின. 1998 மே 21 அன்று, 32 ஆண்டுகள் ஆண்ட சுஹார்த்தோ பதவி விலகினார். நாட்டின் வளர்ச்சி நிதியில் குறைந்தது 20 முதல் 30 விழுக்காடு திசைமாறிப் போகிறது என்று உலக வங்கியின் ஜகார்த்தா அலுவலகத்தின் உட்குறிப்பு ஒன்றே மதிப்பிட்டிருந்த செய்தி அப்போது வெளியே வந்து, கடன் கொடுத்தவர்களையும் தலைகுனிய வைத்தது.

அந்த ஆண்டில்தான் 'கெச்சமத்தான் வளர்ச்சித் திட்டம்' தொடங்கியது. கெச்சமத்தான் என்பது 10 முதல் 20 கிராமங்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி. நம் ஊராட்சி ஒன்றியத்தோடு ஒப்பிடலாம். திட்டத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஸ்காட் குகன்ஹெய்ம் என்ற மானுடவியலாளர். பொறியாளரோ பொருளாதார அறிஞரோ அல்லாத ஒருவர் இதை வகுத்தார் என்பது கவனிக்கத் தக்கது. ஒவ்வொரு கெச்சமத்தானுக்கும் 35 கோடி முதல் 100 கோடி ரூபியா வரை மொத்தமாகத் தரப்பட்டது. 100 கோடி ரூபியா என்பது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1 இலட்சம் அமெரிக்க டாலர்.

திட்டத்தின் உயிர் தொகையில் இல்லை. அத்தொகை நடந்துவந்த பாதையில் இருந்தது. கருவூலத்திலிருந்து பணம் மாநிலம், மாவட்டம் என்ற படிகளைத் தொடாமல், கெச்சமத்தானில் கிராமங்கள் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு நேரே வந்தது. முதலில் குக்கிராமங்களில் சிறு கூட்டங்கள் நடந்தன. பெண்களுக்குத் தனிக் கூட்டம் உண்டு. கிராமம் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கலாம். அவற்றில் ஒன்று பெண்கள் கூட்டத்திலிருந்தே வர வேண்டும் என்பது விதி. பிறகு எல்லாக் கிராமங்களின் பேராளர்களும் ஒன்றுகூடுவார்கள். இருக்கும் பணத்துக்கு எல்லாக் கோரிக்கைகளும் அடங்கா. எந்த ஊரின் பாலம் முந்தும், எந்த ஊரின் கிணறு காத்திருக்கும் என்பதை அதிகாரி தீர்மானிக்கவில்லை. அந்தப் பேராளர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தீர்மானித்தார்கள். தம் ஊருக்குக் கேட்டுப் பெறுவது எவர்க்கும் எளிது. 'நம்மைவிட அவர்களுக்கே இது அவசரம்' என்று ஒப்பி, வெறுங்கையோடு ஊர் திரும்பி, காத்திருக்கும் மக்களிடம் அதை விளக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஜமாஅத் பொறுப்பில் ஒரு முறையேனும் இருந்தவர்கள் அறிவார்கள்.

முடிவானதும் பணம் மூன்று தவணைகளில் வந்தது. முதல் தவணைக்கு ஊர்க் கூட்டத்தில் கணக்குச் சொன்னால்தான் இரண்டாம் தவணை வரும். பொருள்களின் விலையும் கூலியும் செலவும் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும். நம் பள்ளிவாசல் முகப்பில் மாதந்தோறும் எழுதப்படும் வரவு செலவுப் பலகையை நினைத்துக்கொள்ளலாம். கண்காணிக்கத் தொண்டு நிறுவனங்கள் அமர்த்தப்பட்டன. செய்தியாளர்களுக்கும் கிராமங்களுக்குச் சென்று கண்டதை எழுத வழி செய்யப்பட்டது. அரசே தன் திட்டத்தின் குறையை எழுதச் செய்தியாளரை வரவேற்றது அந்நாட்டுக்கு அன்று புதிது.

எதற்குச் செலவிடலாம் என்பதை ஊரிடம் விட்ட திட்டம், எதற்குக் கூடாது என்பதற்கு மட்டும் ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஆயுதம், போதைப்பொருள், சுற்றுச்சூழலைக் கெடுக்கும் பொருள்கள் ஆகியவற்றோடு, அரசு அலுவலகக் கட்டடமும் வழிபாட்டுத் தலமும் அதில் இருந்தன. உலகிலேயே மிகுதியான முஸ்லிம்கள் வாழும் நாட்டில் இந்த நிதியிலிருந்து பள்ளிவாசல் கட்ட முடியாது என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். பல சமயத்தார் வாழும் நாட்டில் பொதுப்பணத்தைக் குறித்துப் பிணக்கு எழாமல் காப்பதற்கு அது தேவை என்பதே நம் எண்ணம். பள்ளிவாசலை மக்கள் தம் கைப்பணத்தில் கட்டிக்கொண்டார்கள். நிதியிலிருந்து அதன் வாசல்வரை செல்லும் சாலை வந்தது. பெண்கள் குழுக்களுக்கான சுழல்நிதிக் கடனில் 'சேவைக் கட்டணம்' என்ற பெயரில் ஒரு கூடுதல் தொகை வாங்கப்பட்டது. அதன் ஷரீஅத் நிலையை உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும். அதை மறைத்து எழுதுவது முறையன்று என்பதால் குறிப்பிட்டோம்.

பலன் தெரிந்தது. ஊரார் தாமே கட்டிய சாலைகளும் பாலங்களும், ஒப்பந்தக்காரர்கள் கட்டிய அதே வகைப் பணிகளைவிடச் சராசரியாக 56 விழுக்காடு குறைந்த செலவில் முடிந்தன என்று மதிப்பீடுகள் கூறின. ஆவணங்களைப் பார்த்த தணிக்கையாளர்கள், காணாமற்போன பணம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று எழுதினார்கள்.

கதையை இந்த இடத்தில் முடித்திருந்தால் எல்லோர்க்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். முடிக்கவிடாதவர் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர். 2003 செப்டம்பருக்கும் 2004 ஆகஸ்டுக்கும் இடையே, கிழக்கு ஜாவாவிலும் நடு ஜாவாவிலும் இத்திட்டத்தின் பணத்தில் சாலை போடவிருந்த 608 கிராமங்களில் அவர் ஒரு சோதனை நடத்தினார். காகிதத்தை அவர் நம்பவில்லை, சாலையையே தோண்டினார்.

மணலைப் பரப்பி, மேலே பெருங்கல் அடுக்கி, அதன்மேல் சரளை இட்டு அமைக்கும் எளிய கிராமச் சாலைகள் அவை. ஓல்கனின் பொறியாளர்கள் சாலையின் பல இடங்களில் குழி வெட்டி, உள்ளே எவ்வளவு மணல், எவ்வளவு கல் இருக்கிறது என்று அளந்தார்கள். பொருள் விற்றவர்களிடம் சென்று உண்மை விலையை விசாரித்தார்கள். வேலை செய்தவர்களிடம் வாங்கிய கூலியைக் கேட்டார்கள். மழையிலும் மண்ணிலும் இயல்பாகக் கரையும் அளவை அறிய, தாமே சிறு சோதனைச் சாலைகளைப் போட்டுப் பார்த்தார்கள். இவற்றைக் கூட்டி, கணக்கில் எழுதிய தொகையோடு ஒப்பிட்டார்கள். காகிதத்தில் 1 விழுக்காடாக இருந்த இழப்பு, மண்ணைத் தோண்டியபோது சராசரியாக 24 விழுக்காடாக நின்றது. ரசீது எல்லாம் சரியாக இருந்தது. மணல்தான் இல்லை.

அந்தப் பணம் எப்படிப் போயிற்று என்பதே இந்த ஆய்வில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. ஊர்மக்கள் ஏமாளிகள் அல்லர். ஒரு மூட்டை சிமெண்டு என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியும். விலையைக் கூட்டி எழுதினால் கூட்டத்தில் பிடித்துவிடுவார்கள். எனவே விலையைத் தொடாமல் அளவைக் கூட்டி எழுதினார்கள். சாலைக்குள் போன மணல் 70 வண்டியா, 100 வண்டியா என்று யாருக்குத் தெரியும்? கண்ணுக்குத் தெரிந்ததை மக்கள் காத்தார்கள்; களவு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

ஓல்கன் இரண்டு மருந்துகளைச் சோதித்தார். முதலாவது வெளித் தணிக்கை. வழக்கமாக நூற்றில் நான்கு கிராமங்களுக்கே அரசுத் தணிக்கை வரும். சில கிராமங்களைக் குலுக்கலில் தேர்ந்து, 'உங்கள் ஊருக்குத் தணிக்கை கட்டாயம் வரும். அதன் முடிவு ஊர்க் கூட்டத்தில் படிக்கப்படும்' என்று வேலை தொடங்கும் முன்பே அறிவித்தார்கள். அவ்வூர்களில் காணாமற்போன பணம் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது.

இரண்டாவது மருந்து ஊராரின் பங்கேற்பு. வேறு சில கிராமங்களில் கணக்குக் கூட்டத்துக்கு வீடுதோறும் நூற்றுக்கணக்கில் அழைப்பிதழ்கள் தரப்பட்டன. சில ஊர்களில் பெயர் எழுதாமல் குறையைக் குறித்துப் பூட்டிய பெட்டியில் இடும் கருத்துத் தாள்களும் தரப்பட்டன. கூட்டம் பெருகியது, பெரிய மனிதர்கள் மட்டுமே பேசிய அவையில் சாதாரண மக்களும் பேசினார்கள். ஆயினும் மொத்த இழப்பு பெரிதாகக் குறையவில்லை. கூலியில் நடந்த களவு குறைந்தது. பொருளில் நடந்தது குறையவில்லை. தன் கூலி குறைந்தால் ஒவ்வொருவரும் எழுந்து கேட்பார். சாலையில் மணல் குறைந்தால் அது எல்லோருடைய இழப்பு, ஆகவே ஒருவருடைய இழப்பும் அன்று.

கருத்துத் தாள்களைப் பற்றி ஒரு சிறு செய்தி. கிராம நிர்வாகத்தினர் வழியே வழங்கப்பட்ட இடங்களில் அவை பயன் தரவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய இடங்களில் பயன் தந்தன. நிர்வாகத்தினர் தமக்கு வேண்டிய வீடுகளுக்கே தாளைக் கொண்டுசேர்த்திருப்பார்கள் என்று ஊகிக்கத் தோன்றுகிறது.

தணிக்கையும் முழு மருந்தன்று. தணிக்கை உறுதியான ஊர்களில் பணக் களவு குறைந்தது. ஆனால் திட்டப் பொறுப்பாளர்களின் உறவினர்க்கு வேலை கிடைப்பது கூடியது. ஒரு கதவை அடைத்தால் காற்று வேறு சன்னல் வழியே வருகிறது. அமானிதம் என்ற சொல்லை மிம்பரிலிருந்து கேட்டு வளர்ந்த ஊர்களே அவையும் என்பதை வருத்தத்தோடு எண்ணிக்கொள்கிறோம்.

இதனால் திட்டமே வீண் என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. நூறில் 24 போனாலும், ஒப்பந்தக்காரர் கட்டும் சாலையைவிட அது மலிவாகவே இருந்தது. மேலும் அந்தச் சாலையை ஊர் கேட்டு வாங்கியது. ஆனால் தானியா லீ என்ற மானுடவியலாளர் 2007இல் எழுப்பிய மறுப்பை எளிதாகத் தள்ள முடியாது. காடும் நிலமும் பெருமுதலாளிகளின் கைக்குப் போகும் பெரிய முடிவுகள் எந்த முஷாவராவுக்கும் வரவில்லை. அங்கே கணக்குக் கேட்க மக்களுக்கு இடமில்லை. சிறுதொகைக்கு மட்டும் ஏழைகளை இரவெல்லாம் கூட்டம் போட்டுக் கணக்கெழுத வைப்பது எவ்வகை நீதி என்பதே அவர் எழுப்பிய மறுப்பின் சாரம். அதற்கு உரிய விடை இன்றுவரை வந்ததாகத் தெரியவில்லை.

முடிவெடுக்கும் முறையிலும் ஒரு சோதனை நடந்தது. 49 கிராமங்களில், சில இடங்களில் வழக்கம்போல் பேராளர் கூட்டத்திலும், சில இடங்களில் ஊரார் அனைவரும் வாக்களித்தும் பணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தேர்வான பணிகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வாக்களித்த ஊர்களில் மக்களின் நிறைவு மிகப் பெரிதாகக் கூடியது. தம் உழைப்பையும் பொருளையும் தர முன்வந்தவர்கள் மிகுந்தார்கள். அதே சாலைதான். 'என்னையும் கேட்டார்கள்' என்பதே வேறுபாடு.

இவ்விடத்தில் நம் மாநிலத்தையும் ஒருமுறை தொட்டுச் செல்லலாம், ஏனெனில் அதே உலக வங்கியின் உதவியோடு, அதே கருத்தின் வழியில் 2005இல் தமிழ்நாட்டிலும் ஒரு திட்டம் தொடங்கியது. புது வாழ்வுத் திட்டம் என்று நாம் அறிந்தது அதுவே. கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்கள் வழியே நடந்த அத்திட்டம் இருந்த ஊர்களின் கிராம சபைப் பேச்சுகளைப் பதிவு செய்து, பிற ஊர்களோடு ஒப்பிட்டு ஆய்ந்தார்கள். திட்டம் நடந்த ஊர்களில் பெண்கள் கூடுதலாக வந்தார்கள், கூடுதலாகப் பேசினார்கள், நீண்ட நேரம் பேசினார்கள். ஆனால் அடுத்து எதைப் பேசுவது என்பதை முடிவு செய்வதிலோ, அதிகாரியிடமிருந்து கேட்டதற்கு உரிய மறுமொழியைப் பெறுவதிலோ ஆண்களை அவர்கள் விஞ்சவில்லை. ஜாவாவின் கூட்டங்களைப் போலவே, பேச்சு கூடியது. பேச்சின் கனம் அதே அளவு கூடவில்லை.

இந்தோனேசியாவில் அத்திட்டம் வளர்ந்துகொண்டே போனது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஆச்சே உருக்குலைந்தபோது, ஊர்களில் முன்பே பழகியிருந்த இந்தக் கூட்ட முறை மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தது. ஆச்சேயில் ஊருக்கு 'கம்போங்' என்று பெயர்; ஒவ்வொரு கம்போங்கிலும் 'மெனாசா' உண்டு. தொழுமிடமும் பிள்ளைகள் ஓதுமிடமும் ஊர்க்கூட்டம் நடக்குமிடமும் அதுவே. 2007இல் அதிபர் சுசீலோ பம்பாங் யுதயோனோ இத்திட்டத்தைத் தேசிய மக்கள் ஆற்றல் திட்டமாக அறிவித்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது நாடு முழுமைக்கும் பரவியது.

2014 ஜனவரியில் புதிய கிராமச் சட்டம் வந்தது. அதுவரை உலக வங்கிக் கடனும் ஆண்டு ஒதுக்கீடும் நம்பியிருந்த கொடை, இனி சட்டப்படி கிராமத்தின் உரிமையானது. 2015இல் ஏறத்தாழ 20.7 இலட்சம் கோடி ரூபியாவாகத் தொடங்கிய கிராம நிதி, 2018இல் 60 இலட்சம் கோடியானது. ஏறத்தாழ 75,000 கிராமங்கள். சராசரியாகக் கிராமத்துக்கு 80 கோடி ரூபியா. ஒருகாலத்தில் பத்துப் பதினைந்து ஊர்கள் தங்களுக்குள் வாதிட்டுப் பகிர்ந்துகொண்ட அளவுக்கு நெருங்கிய தொகை, இப்போது தனியொரு ஊரின் கைக்கு வந்தது.

இது பெரும் வெற்றி, ஐயமில்லை. ஆனால் பணம் உரிமையானபோது, அதன் காவலாக நின்ற ஏற்பாடுகள் பல கழன்று விழுந்தன. ஊர்கள் ஒன்றுகூடி ஒன்றையொன்று அளந்து பார்த்த அந்தக் கூட்டத்துக்கு இனி வேலையில்லை. தொகை தானே வருகிறது. பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு கோரிக்கை கட்டாயம் வர வேண்டும் என்ற விதியும் இல்லை. பழைய திட்டம் 2014இல் முடிந்தபோது, ஊரூராகச் சென்று கூட்டம் நடத்தப் பழகியிருந்த களப்பணியாளர்கள் பலர் வேலையிழந்தார்கள். கையொப்பமிடும் அதிகாரம் மீண்டும் கிராமத் தலைவரிடம் குவிந்தது. கிராம முஷாவரா சட்டத்தில் இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய கிராம மன்றமும் இருக்கிறது. ஆயினும் கிராம நிதி வழக்குகளில் கிராமத் தலைவர்கள் சிறை செல்லும் செய்திகள் அந்நாட்டு ஏடுகளில் வாடிக்கையாயின. 2023 ஜனவரியில் கிராமத் தலைவர்கள் ஜகார்த்தாவில் திரண்டு, தம் பதவிக்காலத்தை 6 ஆண்டிலிருந்து 9 ஆண்டாக்கக் கோரிப் போராடினார்கள். 2024இல் திருத்தப்பட்ட சட்டம் அதை 8 ஆண்டாக்கியது. 

மறுபுறம், நல்ல ஊர்களும் உண்டு. 1979இல் உடைக்கப்பட்ட மினாங்கபாவ் நகரிகள் 2000க்குப் பிறகு மீண்டும் ஒன்றுகூடி, பழைய பெயரிலேயே இந்நிதியைப் பெறுகின்றன. முந்தைய திட்டத்தில் பெண்கள் குழுக்கள் கட்டிக்காத்த சுழல்நிதிகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு, பல கிராமங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனங்களாக அவற்றை மாற்ற வேண்டும் என்று 2021இல் அரசு விதி வகுத்தது.

இன்று இந்தோனேசியக் கிராம அலுவலகங்களின் முகப்பில் வண்ணப் பதாகைகளைக் காணலாம். அந்த ஆண்டின் வரவு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு, குழந்தைகள் நலத்துக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஓரத்தில் கிராமத் தலைவரின் படம் இருக்கும். கடைக்குப் போகிறவர்களும் தொழுகைக்குப் போகிறவர்களும் சற்று நின்று அதைப் படித்துவிட்டுப் போகிறார்கள். எந்தச் சாலைக்கு எத்தனை கோடி என்பது அதில் தெரிகிறது. எத்தனை வண்டி மணல் என்பது பெரும்பாலும் அதில் இருப்பதில்லை.